பிராஸ் பாசாவில் எஞ்சியிருக்கும் சுவர்கள்: சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் தலைவர் அவர்களுக்கும், அறங்காவலர் வாரியத்தினருக்கும், கலை, பண்பாட்டுப் பணிகளைக் கவனிக்கும் அலுவலர்களுக்கும்

மதிப்பிற்குரிய பெருமக்களே,

வணக்கம். இந்த மடலை எழுதும் நான் உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவனல்லன். அங்கே பாடம் நடத்துபவனும் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்காய்வுத் தொழிலில் கழித்துவிட்டு, அண்மையில் ஓய்வுபெற்ற ஒரு சிங்கப்பூர்த் தமிழன். வேலைக்காலத்தின் கடைசிப் பத்தாண்டில், பிராஸ் பாசா ரயில் நிலையத்தில் இறங்கி, உங்கள் கட்டடங்களை நிலத்துக்கடியில் இணைக்கும் நீண்ட நடைவழியில் நடந்துதான் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். கண்ணாடிச் சுவரில் தம் நிழலைப் பார்த்து நடனம் பழகும் மாணவர்களையும், பக்கத்திலேயே தரையில் மடிக்கணினியோடு அமர்ந்து ஏதோ ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையை அலசிக்கொண்டிருக்கும் மாணவர்களையும் அங்கே ஒரே பார்வையில் கண்டிருக்கிறேன். மாலையில் திரும்பும்போது உங்கள் வளாகத்தில் படமோ சிற்பமோ கண்ணில் பட்டால், அவசரம் இருந்தாலும், நின்று பார்த்துவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது.

வணிகமும் கணக்கியலும் பொருளியலும் சட்டமும் கற்பிக்கவென்று எழுந்த ஒரு பல்கலைக்கழகம், ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ பட்டம் தராத ஒரு பல்கலைக்கழகம், காட்சிக்கலைக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறது. டி சுவாந்தியோ காட்சிக்கூடத்தை வைத்திருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் பினாலே கண்காட்சிக்கு அந்தக் கூடத்தைத் திறந்துவிட்டீர்கள். கலை, பண்பாட்டு மேலாண்மையை மாணவர்கள் பாடமாக எடுத்துப் படிக்க வழி செய்திருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் நன்றி சொல்வது இந்த மடலின் முதல் நோக்கம். இவ்வளவு செய்தவர்களிடம் இன்னும் சிலவற்றை உரிமையோடு கேட்பது இரண்டாவது நோக்கம். கேட்பதற்குக் காரணம், நீங்கள் இருக்கும் இடமும், அந்த இடத்துக்குக் கடந்த சில ஆண்டுகளில் நேர்ந்துவிட்டவையும்.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய உங்கள் பல்கலைக்கழகம் 2005இல் பிராஸ் பாசாவுக்கு வந்தது. மதில் கட்டாமல் வந்தீர்கள். யார் வேண்டுமானாலும் உங்கள் கட்டடங்களுக்கு நடுவே புகுந்து விக்டோரியா ஸ்திரீட்டிலிருந்து அரும்பொருளகம் வரை நடந்துவிடலாம். நகர நடுவில் நிலத்தின் விலையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஈகை என்பது தெரியும். நீங்கள் வந்தபோது உங்களைச் சுற்றிக் கலை ஏற்கெனவே குடியிருந்தது. பிராஸ் பாசா சாலையைக் கடந்தால், லாசால் சபைத் துறவியர் நடத்திய புனித ஜோசப் கல்வி நிலையத்தின் பழைய கட்டடத்தில், 1996இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் இருந்தது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில், நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய சப்ஸ்டேஷன் என்ற கலை மையம், பேர் பெறாத இளைஞர்களுக்கும் துணிந்து சுவரையும் மேடையையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

இன்று அந்த இரண்டும் அங்கே இல்லை. கலை அரும்பொருளகம் 2019இல் சீரமைப்புப் பணிகளுக்காக மூடப்பட்டு, 2022 தொடக்கத்தில் தஞ்சோங் பகாரில் துறைமுகத்தையொட்டிய ஒரு கிடங்குக் கட்டடத்தில் தன் கண்காட்சிகளைத் தொடங்கியது. சப்ஸ்டேஷன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த வீட்டை 2021 ஜூலையில் காலி செய்தது. இரண்டு முடிவுகளுக்கும் அவரவர் தரப்பில் காரணங்கள் இருந்தன. அவற்றை இங்கே வழக்காட நான் வரவில்லை. ஆனால் மாலை நேரத்தில் பிராஸ் பாசாவில் இறங்கி, சமகால ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் ஒருவருக்கு, நடந்து போகும் தொலைவில் எஞ்சியிருக்கும் சுவர்களில் உங்கள் சுவர்கள் முதன்மையானவை ஆகிவிட்டன. நீங்கள் விரும்பிக் கேட்டுப் பெற்ற பொறுப்பு அன்று இது. ஆயினும் வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கலையைக் காட்டும் இடங்கள் குறைந்தாலும் கலையைக் கற்கும் பிள்ளைகள் குறையவில்லை. லிம் ஹக் தாய் 1938இல் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகம் உங்களுக்குப் பின்புறத்திலேயே பென்கூலன் ஸ்திரீட்டில் இருக்கிறது. லாசால் துறவி ஜோசப் மெக்நாலி 1984இல் தொடங்கிய லாசால் கலைக் கல்லூரி, அவர் பெயர் தாங்கிய தெருவில், ரோச்சோர் பக்கம் இருக்கிறது. இவ்விரண்டும் கூட்டாகச் சேர்ந்து 2024 முதல் சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றன. பதின்மூன்று வயதிலிருந்தே கலை பயிலும் பிள்ளைகளின் பள்ளி டோபி காட் முனையில் நிற்கிறது. உங்கள் வணிக மாணவர்களும் இந்தக் கலை மாணவர்களும் ஒரே ரயிலில் வந்து, ஒரே உணவங்காடியில் வரிசையில் நின்று, ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் படிப்பை முடித்துப் போகிறார்கள் என்றால், அது நெஞ்சை வருத்தும் வீண்விரயம்.

வணிகத்துக்கும் கலைக்கும் என்ன உறவு என்று உங்கள் வாரியத்தில் எவரேனும் கேட்டால், விடையைத் தேடி வெளியே போக வேண்டாம். வணிகப் பள்ளியின் வாயிலில் எழுதியிருக்கும் பெயரைப் படித்தால் போதும். ரப்பர் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய லீ கோங் சியான், 1953இல் ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் தேசிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி கொடுத்தார். கொடுக்கும்போது, நூலகம் யாரிடமும் கட்டணம் வாங்காத பொது நூலகமாக இருக்க வேண்டும், இம்மண்ணின் மக்கள் பேசும் மொழிகளுக்கு அங்கே இடம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆங்கில ஆட்சியின் கீழ், ஆங்கில நூல்களையே முதன்மையாக வைத்திருந்த ஊரில், ஒரு வணிகர் தம் பணத்தோடு சேர்த்து வைத்த வேண்டுகோள் அது. 1960 நவம்பரில் அந்தச் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. எங்கள் வீட்டில் புத்தகம் வாங்கும் வசதி இல்லை. சனிக்கிழமைகளில் அப்பா என்னைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து, தமிழ்ப் புத்தகங்கள் இருந்த அடுக்குகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, மேசையில் நாளிதழோடு உட்கார்ந்துவிடுவார். எனக்கு வாசிப்பைக் கொடுத்தது அந்த அடுக்கு. அதைக் கொடுத்தவர் ஒரு சீன வணிகர் என்பதே பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கேனிங் கோட்டைச் சுரங்கச் சாலைக்காக 2004இல் அந்த நூலகம் இடிக்கப்பட்டதும், அதே ஆண்டில் லீ அறக்கட்டளை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு 50 மில்லியன் வெள்ளி வழங்கியதும் ஒன்றோடொன்று காரண காரியத் தொடர்புடையவை அல்ல. ஆனால் நூலக வாயிலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் உங்கள் வளாகத்தை ஒட்டி இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கடக்கும்போதெல்லாம், அந்த மனிதர் அன்று வைத்த வேண்டுகோள் நூலகத்தோடு முடிந்துபோகவில்லை, அவர் பெயரைத் தாங்கி நிற்பவர்களுக்கும் அது செல்லும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

லீ கோங் சியான் மட்டுமல்லர். உங்கள் வளாகத்திலிருந்து டோபி காட் பக்கம் நடந்தால் 1939இல் எழுந்த கேத்தே கட்டடத்தின் முகப்பு தெரியும். அதை நிறுவிய லோக் வான் தோ திரைப்பட வணிகர். பறவைகளைப் படமெடுப்பதில் தேர்ந்தவர். இங்குள்ள ஓவியர்களின் படங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தவர். அவர் 1964இல் விமான விபத்தில் மறைந்தார். 1976இல் தேசிய அரும்பொருளகத்துக்குள் கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டபோது, அவர் நாட்டுக்குக் கொடுத்த சேகரிப்புத்தான் அதற்கு முதலாக அமைந்தது. வணிகர்கள் கலையை வாங்கியும் கொடுத்தும் வளர்த்த ஒரு வட்டாரத்தில்தான் நீங்கள் வணிகர்களை உருவாக்குகிறீர்கள். ஆகவே கலையை வெளியிலிருந்து வந்த விருந்தாளியாக நீங்கள் கருத வேண்டியதில்லை.

இனி என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன். முதலாவது, கலையை எதற்காக ஏற்கிறீர்கள் என்பது பற்றியது. படம் பார்க்கப் பழகினால் மாணவர்களுக்குப் புத்தாக்கச் சிந்தனை வளரும், புத்தாக்கச் சிந்தனை வளர்ந்தால் வேலை கிடைக்கும் என்ற வாதம் பலராலும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நானே அதற்குச் சாட்சி. பயிற்சிக் காலத்தில் ஒரு கிடங்கின் சரக்கிருப்பைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஏட்டிலும் எண்ணிக்கை சரி, தரையிலும் எண்ணிக்கை சரி. ஆனால் சென்ற மாதம் வந்ததாக எழுதப்பட்டிருந்த பெட்டிகளின் மேல் பல ஆண்டுத் தூசி கலையாமல் கிடந்தது. என்னை அனுப்பிய மூத்தவர் அந்தத் தூசியை விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் நான் அதைக் கண்டேன். அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, பார்க்கவில்லை. கண்ணைப் பழக்கினால் கணக்காய்வாளருக்கும் நன்மை உண்டு.

ஆனாலும், இதைச் சொல்லிக் கலைக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தர நான் விரும்பவில்லை. தேசியக் கலைக்கூடத்தில், நன்யாங் கழகத்தில் பயின்ற சுவா மியா தீ 1959இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. வெவ்வேறு இனத்தவர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் மொழி கற்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். சுயாட்சி பெற்ற ஆண்டில், குடியேறிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த கேள்விகள் அவை. அந்தப் படத்துக்கு முன்னால் நான் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். என் தொழிலுக்கு அதனால் ஒரு காசும் பயனில்லை. என் தந்தையின் தலைமுறையை நான் புரிந்துகொண்டது அங்கேதான். இத்தகைய அரைமணி நேரம் உங்கள் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணோ வேலைவாய்ப்புக் கணக்கோ கேட்கப்படக்கூடாது. நீங்கள் தோன்றிய அதே 2000ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரை மறுமலர்ச்சி நகரமாக்கும் அரசின் கலைத்திட்டமும் வெளிவந்தது. அப்போதே கலையின் பொருளியல் பயனும் சமூகப் பயனும் ஒன்றையொன்று இழுக்கும் என்பது பேசப்பட்டது. 2019இல் உங்கள் தலைவராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் லிலி கோங், பண்பாட்டுப் புவியியல் அறிஞர் என்ற முறையில் அந்த இழுபறியை ஆராய்ந்து எழுதியவர். இதை அவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு பருவத்துக்கு ஒருமுறை, எந்தப் பாடம் எடுப்பவராயினும், ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு படைப்பின் முன் அமர்ந்து பென்சிலால் அதை வரைந்து பார்க்கும் ஒரு மணி நேரத்தையாவது ஏற்படுத்துங்கள். நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை. கோணலாக வரைந்தாலும், வரைந்தவர் பார்த்திருப்பார். பட்டம் பெறுவதற்கு ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 80 மணி நேரம் சமூகத் தொண்டு செய்தாக வேண்டும் என்று விதித்து, அதைப் பல்கலைக்கழகத்தின் அடையாளமாகவே ஆக்கிக் காட்டியவர்கள் நீங்கள். அந்தத் தொண்டு இல்லாமல் பட்டம் இல்லை என்று துணிந்து சொன்னவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிதன்று.

இரண்டாவது வேண்டுகோள் நீடிப்பைப் பற்றியது. எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுவே. சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் ஒன்று கலைக்கூடம் வைப்பது உங்களோடு தொடங்கியதன்று. மலாயாப் பல்கலைக்கழகம் இங்கே இருந்தபோது 1955இல் கலை அரும்பொருளகம் ஒன்றை அமைத்தது. இந்திய அரசும் அதற்குக் கலைப்பொருள்களை அளித்தது. பின்னர்ப் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது சேகரிப்பும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்குமாகப் பிரிந்தது. 1970களில் அந்தக் கூடமே மூடப்பட்டு, பொருள்கள் வேறிடம் போயின. நாடு தொழில்மயமாகிக்கொண்டிருந்த காலத்தில், அது இன்றியமையாதது என்று அடித்துப் பேச ஆளில்லாமல் போயிற்று. அவற்றை மீட்டுத் திரட்டி மறுபடி ஓர் அரும்பொருளகமாக நிலைநிறுத்தப் பல ஆண்டுகள் பிடித்தன. டி. கே. சபாபதியைப் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் அந்தக் கதையைத் தேடி எழுதிவைக்காவிட்டால், அப்படியொன்று இருந்ததே இன்று பலருக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே, உங்கள் காட்சிக்கூடமும் கலைத் திட்டங்களும் இன்றைய நிர்வாகிகளின் ஆர்வத்தை மட்டுமே நம்பி நிற்கக்கூடாது. பேராசிரியர் இருக்கைகளுக்கு நிலைநிதி வைப்பதுபோல, காட்சிக்கூடத்துக்கும் ஒரு நிலைநிதி வையுங்கள். முழுநேரக் காட்சிப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி, எதைக் காட்டுவது என்ற முடிவை அவர் கையில் கொடுங்கள். நன்கொடையாளர்கள் பெயரைச் சுவரில் எழுதலாம்; சுவரில் என்ன தொங்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யக்கூடாது. இதை எழுத்தில் வையுங்கள். எழுத்தில் இல்லாத நல்லெண்ணம் ஆண்டு வரவுசெலவு இறுகும்போது எப்படி மறைந்துபோகும் என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் பார்த்தவன் சொல்கிறேன்.

மூன்றாவது வேண்டுகோளை உங்களைத் தவிர வேறெந்தக் கலைக்கூடத்திடமும் என்னால் கேட்க முடியாது. ஓவியரான என் நண்பர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைக்குப் பெரிய சுவரோவியம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அடுத்த தீபாவளிக்கு அந்த ஓவியம் அந்த நிறுவனத்தின் நாள்காட்டியிலும் பரிசுப் பைகளிலும் அச்சாகியிருந்தது. அவர் பெயரும் இல்லை, அவருக்குப் பணமும் இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல்கூட அவரிடம் இருக்கவில்லை. என்னிடம் வந்து, கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் என்ற முறையில் யோசனை கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 2021 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் பெற்றுக்கொண்டு எடுத்துத் தரும் நிழற்படத்துக்கும் வரைந்து தரும் உருவப்படத்துக்கும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, படைத்தவரே முதல் உரிமையாளர். முன்பு அந்த உரிமை பணம் கொடுத்தவரிடம் போயிற்று. படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதும் இப்போது அவருடைய உரிமை. ஆனால் "ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை" என்ற சொற்களுக்குள் அத்தனையும் அடங்கிவிடுகிறது. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாத இருபத்திரண்டு வயது ஓவியர் தம் உரிமையை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

உங்களிடம் சட்டப் பள்ளி இருக்கிறது. அதற்கு இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. கணக்கியல் பள்ளி இருக்கிறது. நன்யாங் கழகத்திலும் லாசாலிலும் கடைசியாண்டு படிக்கும் மாணவர்கள், தங்கள் முதல் ஒப்பந்தத்தையும் முதல் விலைப்பட்டியலையும் முதல் வருமானவரிப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார, வாரத்துக்கு ஒரு மாலை உங்கள் வளாகத்தில் ஒரு மேசை போடுங்கள். எதிரே உங்கள் மாணவர்கள், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர். ஓவியர்களின் பொருட்டு மட்டும் இதை நான் கேட்கவில்லை. நாளை கலைப்படைப்பு ஒன்றை விலைக்கு வாங்கப்போகும் உங்கள் மாணவர், அதைச் செய்தவர் எதிர்நாற்காலியில் அமர்ந்து வாடகைக் கணக்குப் பேசுவதை ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். உங்கள் சுவரில் தொங்கும் ஒவ்வொரு படைப்புக்கும், இரவல் வாங்கியதாகவே இருந்தாலும், கலைஞருக்கு ஊதியம் கொடுப்பதும் இதனோடு சேர்ந்தது. காட்சிப்படுத்துவதே பெருமை என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. வணிக அறம் கற்பிக்கும் ஓரிடத்தில் அது இருக்கலாகாது.

கடைசியாக, உங்கள் காலடி மண்ணைப் பற்றி. 1825 ஏப்ரல் 18 அன்று, சுமத்ராத் தீவின் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட 80 சென்னை மாகாணக் கைதிகள் சிங்கப்பூரில் இறக்கப்பட்டார்கள். அடுத்த வாரம் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். 1841இல் அவர்களுக்காகப் பிராஸ் பாசா சாலையோரம் சிறை கட்டப்பட்டது. கைதிகள் செங்கல் சுட்டார்கள், கல் உடைத்தார்கள், மரம் இழைத்தார்கள், சாலை போட்டார்கள். உங்கள் வளாகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம், 1856க்கும் 1862க்கும் இடையில் அவர்கள் கையால் எழுந்தது. அதன் உட்சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டு, பூசிய பின் படிகக் கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். விலங்கு மாட்டிய கை அதைச் செய்தது. அவர்களில் ஒருவர் பெயரும் அந்தச் சுவரில் இல்லை. கைதிகள் முறை 1873இல் முடிந்தது. அதே வட்டாரத்தின் ஓடைக்கரையில் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர் துணி வெளுத்து, இன்று கட்டடங்கள் நிற்கும் வெளியில் உலர்த்தினார்கள். டோபி காட் ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு நிலத்தின் நினைவு இவ்வளவு காட்சியாகக் கிடைக்கும்போது, கலைஞர்களிடம் அதை ஒப்படைக்காமல் இருப்பது பிழை என்பேன். சுண்ணாம்பு, ஈரத்துணி, செங்கல்: இவற்றைக் கொண்டு என்ன செய்வது என்று கலைஞர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டாம். 1988இல் நன்யாங் கழகத்திலிருந்து வந்த எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார் ஆகிய மூன்று இளைஞர்கள் திரிமூர்த்தி என்ற கண்காட்சியில் தத்தம் மரபுகளிலிருந்து எடுத்த பொருளைப் புது வடிவில் நிறுத்திக் காட்டினார்கள். தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே குமாரி நாகப்பன் 2006இல் செய்து நிறுத்திய பிரம்மாண்டச் செம்மிளகாய் நிற்கிறது. அதைக் கண்டவுடன் சிரிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. சமையலறையில் கிடந்த ஒரு பொருளை நகரத்தின் அடையாளமாக்க ஒரு சிற்பிக்கு முடிந்திருக்கிறது. உங்கள் நிலத்தடி நடைவழியின் ஒரு நீண்ட சுவரை, ஆண்டுக்கு ஒரு கலைஞர் என்ற கணக்கில், இந்த மண்ணைப் பற்றிய படைப்புகளுக்கு ஒதுக்குங்கள். கட்டணம் இல்லை, வாயில் இல்லை. ரயில் பிடிக்க ஓடுபவர் கண்ணிலும் அது பட்டே தீரும்.

அந்தச் சுவரிலும் காட்சிக்கூடத்திலும் எழுதப்படும் விளக்கக் குறிப்புகள் நான்கு ஆட்சிமொழிகளிலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழுக்கும் மலாய்க்கும் சீனத்துக்கும் இடம் போதாது என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். ஆனால் லீ கோங் சியான் 1953இல் கேட்டதும் அந்த இடத்தைத்தான். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டுவிடாமல், படைப்பைப் பார்த்துவிட்டு எழுதும் ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் மொழியில் தவறாக எழுதிய பலகைகளை நாங்கள் போதிய அளவு பார்த்துவிட்டோம். தமிழில் நல்ல கலைச்சொற்கள் புழக்கத்துக்கு வரவும் அந்தச் சிறிய அட்டைகள் உதவும்.

எங்கள் குடியிருப்பில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் எங்கேனும் அழைத்துப் போவது உண்டு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். உங்கள் புதிய கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. அதற்குள் இந்த மடலில் கேட்டவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொடங்க முடிவு செய்தீர்களானால், ஒரு சனிக்கிழமை பிற்பகல் காட்சிக்கூடம் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் அறிவியுங்கள். பென்சிலும் தாளும் நாங்கள் கொண்டுவருகிறோம். முதலில் அந்த இரண்டு செங்கல் தூண்களுக்குக் கூட்டிப்போய்விட்டு, பிறகு உங்களிடம் வருகிறோம்.

மிகுந்த மதிப்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கணக்காய்வாளர்
சிங்கப்பூர்